கம்பி தடித்தால் கப்பல் கெட்டது: வாசகர் கேள்வி பதில்

மாதிரிக் கப்பலின் உடலைக் கட்டுவது பற்றிப் போன இதழில் எழுதியிருந்தேன். அதற்கு வந்த கடிதங்களில் பாதிக்கு மேல் ஒரே இடத்தில் வந்து நிற்கின்றன. உடல் முடிந்துவிட்டது, மேலே வரும் சின்னச் சின்னச் சாமான்களைக் கடையில் வாங்காமல் நாமே எப்படிச் செய்வது என்று கேட்கிறீர்கள். எனக்கு மிகவும் பிடித்த வேலையே அதுதான், அதனால் இந்தத் தடவை பதில்கள் கொஞ்சம் நீளம்.

பினாங்கின் பழைய மஞ்சள் ஃபெரியை 1:100 அளவில் கட்டுகிறேன். கைப்பிடிக் கம்பிகளை 1 மி.மீ. கம்பியில் செய்தேன், பார்த்தால் வீட்டு ஜன்னல் கிரில் மாதிரி இருக்கிறது. எங்கே பிசகு அண்ணா? (பட்டர்வொர்த் வாசகர்)

கணக்கில்தான் பிசகு. 1:100இல் 1 மி.மீ. என்றால் நிஜத்தில் 10 செ.மீ. தடிமன் உள்ள குழாய். அதை யாராலும் கையால் பிடிக்க முடியாது. மேல் குழாய் நிஜத்தில் 4 செ.மீ. விட்டம் என்று வைத்துக்கொண்டால் உங்களுக்கு வேண்டியது 0.4 மி.மீ., கீழே ஓடும் மெல்லிய கம்பி 2 செ.மீ. என்றால் 0.2 மி.மீ. இவ்வளவு மெல்லியதா என்று தோன்றும், ஆனால் சாயம் அடித்த பிறகு அது இன்னும் தடிக்கும் என்பதையும் சேர்த்துப் பாருங்கள். ஒரு மாதிரியைப் பொம்மையாகக் காட்டுவது பெரும்பாலும் இந்தத் தடிமன்தான். நான்கு சாமான் குறைந்தால் யாருக்கும் தெரியாது, ஒரு கம்பி தடித்தால் எல்லாருக்கும் தெரியும்.

உயரத்துக்கும் இடைவெளிக்கும் ஊகம் வேண்டாம். 1966ஆம் ஆண்டின் சர்வதேச சுமைக்கோடு உடன்படிக்கையில் கைப்பிடியின் அளவே இருக்கிறது: குறைந்தது 1 மீட்டர் உயரம், தளத்துக்கும் முதல் கம்பிக்கும் நடுவே 230 மி.மீ.க்கு மேல் போகக்கூடாது, மற்ற கம்பிகளுக்கு நடுவே 380 மி.மீ.க்கு மேல் போகக்கூடாது. நூறால் வகுத்தால் 10, 2.3, 3.8 மி.மீ. உங்கள் ஃபெரி அந்த உடன்படிக்கைக்குக் கட்டுப்பட்டதோ இல்லையோ, புகைப்படத்தில் எண்ணிப் பார்க்க இது நல்ல வழிகாட்டி.

இனி செய்முறை. தட்டையான மரத்துண்டின் மேல் வரைபடத் தாளை ஒட்டி, தூண்கள் வரும் இடத்திலும் கம்பி ஓடும் இடத்திலும் கத்தியால் மெல்லிய பள்ளம் கீறுங்கள். கம்பிகளை அந்தப் பள்ளத்தில் கிடத்தி, அசையாமல் டேப் ஒட்டி, ஒவ்வொரு சந்திப்பிலும் ஃபிளக்ஸ் (ஈயம் பிடிக்க உதவும் பசை) தொட்டு வைத்து, சோல்டரிங் அயன் முனையில் கடுகளவுக்கும் குறைவாக ஈயம் எடுத்துத் தொட்டால் போதும். பக்கத்துச் சந்திப்பு சூட்டில் கழன்றுகொண்டால் அதன் மேல் ஈரத் திசுத்தாள் வையுங்கள். கம்பிக்குச் செம்புதான் சுலபம், பழைய டிரான்ஸ்ஃபார்மரைப் பிரித்தால் கிடைக்கும், மேலே இருக்கும் வார்னிஷை மட்டும் சுரண்டிவிட வேண்டும். கோணலாக இருக்குமே என்றால், ஒரு முனையை வைஸில் கடித்து மறுமுனையைக் குறடால் பிடித்து, லேசாக நீள்கிற வரைக்கும் ஒரே இழுப்பு. நூல் பிடித்த மாதிரி நேராகிவிடும், கொஞ்சம் விறைப்பும் ஏறும். கிட்டார் கடையில் விற்கும் மிக மெல்லிய எஃகுத் தந்தியும் (0.009 அங்குலம், அதாவது 0.23 மி.மீ.) அருமையான சரக்கு, ஆனால் நல்ல கட்டரால் வெட்டாதீர்கள், வாய் போய்விடும்.

அப்புறம், அந்த இரட்டைத் தட்டு ஃபெரிகள் 2020 முடிவோடு மக்களை ஏற்றுவதை நிறுத்திவிட்டதால் உங்களுக்கு இப்போது பெரும்பாலும் படங்கள்தான் ஆதாரம். படத்தில் தெரியும் உயிர்காப்பு வளையத்தைப் பிடித்துக்கொள்ளுங்கள். அதன் வெளிவிட்டம் 80 செ.மீ.க்கு மேல் போகக்கூடாது, உள்விட்டம் 40 செ.மீ.க்குக் குறையக்கூடாது என்பது சர்வதேச விதி, பெரும்பாலும் 75க்குப் பக்கத்தில்தான் இருக்கும். அதை வைத்து அதே தூரத்தில் இருக்கும் கதவு, படிக்கட்டு எல்லாவற்றையும் அளந்துவிடலாம்.

1:72 இழுவைப் படகு ஒன்று கட்டுகிறேன். வட்ட ஜன்னல்களுக்குப் பித்தளை வளையம் எங்கே கிடைக்கும்? கேஎல்லில் தேடி அலுத்துவிட்டேன். (பிரிக்ஃபீல்ட்ஸ் வாசகர்)

வளையமாகத் தேடினால் அலுப்புதான் மிச்சம், குழாயாகத் தேடுங்கள். பழைய ரேடியோவின் இழுப்பு ஆன்டெனாவைக் கழற்றிப் பாருங்கள், ஒன்றுக்குள் ஒன்று போகிற பித்தளைக் குழாய்கள், மேலே முலாம் மட்டும்தான், ஒரே ஆன்டெனாவில் ஐந்தாறு அளவுகள் வந்துவிடும். புடு பக்கம் ஜாலான் பசாரில் எலக்ட்ரானிக் சாமான் கடைகள் வரிசையாக இருக்கின்றன, அங்கே கேளுங்கள். பினாங்கு வந்தால் காலையிலேயே லோரோங் கூலிட் பழைய சாமான் சந்தைக்குப் போய்விடுங்கள், செத்த ரேடியோ அங்கே மலிவு.

வளையத்தின் வெளிவிட்டம் நிஜத்தில் 38 செ.மீ. என்றால் 1:72இல் 5.3 மி.மீ. வரும். ரம்பத்தால் அறுத்தால் குழாய் நசுங்கும். உள்ளே இறுக்கமாக ஒரு மரக்குச்சியைச் செருகி, மேசை மேல் வைத்து, கூர்மையான கத்தியை அழுத்தி முன்னும் பின்னும் உருட்டுங்கள், கோடு ஆழமாகி ஆழமாகித் தானே துண்டாகும். பிறகு கண்ணாடி மேல் 400ஆம் எண் உப்புத்தாளை விரித்து விரல் நுனியால் தேய்த்தால் பிசிறு போய்விடும். உடலில் துளை போடும்போது முதலில் டேப் ஒட்டிக் கோடு வரைந்து, 1 மி.மீ. துளையில் ஆரம்பித்து படிப்படியாகப் பெரிதாக்குங்கள். வரிசையில் ஒரு ஜன்னல் அரை மி.மீ. இறங்கினாலும் கண் அங்கேதான் போகும். கண்ணாடிக்குச் சின்னத் துளை என்றால் வெள்ளை மரப்பசையைக் குச்சியால் சுற்றி இழுத்தாலே படலம் கட்டிக்கொள்ளும், காய்ந்ததும் தெளிவாகிவிடும்.

அம்மா பூக்கட்டும் நூலைக் கயிறாக வைக்கலாமா? (கிள்ளான் வாசகி)

1:20 மாதிரி பெரிய அளவில், கரையில் கட்டும் தடித்த கயிறுக்கு வைக்கலாம், நன்றாகவே இருக்கும். 1:100இல் வேண்டாம். நிஜத்தில் 24 மி.மீ. கயிறு அங்கே 0.24 மி.மீ.தான், பூநூலின் முறுக்கு தளர்ச்சி, பஞ்சு பிசிறு வேறு. நல்ல தையல் நூலை எடுத்து தேன்மெழுகில் இரண்டு முறை இழுங்கள், பிசிறு படிந்துவிடும். பருத்தி நூல் என்றால் மெழுகு தடவும் முன் விளக்குச் சுடரின் ஓரமாக வேகமாக ஓட்டி எடுக்கலாம், பாலியெஸ்டரை அப்படிச் செய்தால் உருகும்.

இதைவிட முக்கியமான ஒன்று: நூலுக்கு எடை இல்லை, அதனால் நிஜக் கயிறு மாதிரித் தொங்காது, விறைத்துக்கொண்டு நிற்கும். தொங்க வேண்டிய இடத்தில் நீர்த்த மரப்பசையில் நனைத்து, சின்னக் கிளிப்பை எடையாகக் கட்டிக் காயவிடுங்கள். இல்லையென்றால் மெல்லிய செம்புக் கம்பிகள் இரண்டை முறுக்கிச் சாயம் அடித்துவிடுங்கள், எப்படி வளைக்கிறீர்களோ அப்படியே நிற்கும்.

என் தாத்தா நாகப்பட்டினத்தில் ரஜூலா ஏறி பினாங்கில் இறங்கியவர். அந்தக் கப்பலை 1:200இல் கட்ட ஆசை. உயிர்காப்புப் படகுகளும் காற்றுக் குழல்களும் வரிசை வரிசையாக இருக்கின்றன, எல்லாவற்றையும் ஒரே மாதிரி எப்படிச் செய்வது? (சுங்கை பட்டாணி வாசகி)

இந்தக் கடிதம் வந்ததில் எனக்கு மிகுந்த சந்தோஷம் அம்மா. நம் ஊரில் எத்தனையோ குடும்பங்களின் கதை அந்தக் கப்பலின் மேல்தளத்தில்தான் தொடங்குகிறது, ஆனால் அதை மாதிரியாகக் கட்டுகிறவர்கள் மிகக் குறைவு. கிளாஸ்கோவில் பார்க்லே கர்ல் தளத்தில் 1926இல் கட்டப்பட்டது, பிரிட்டிஷ் இந்தியா கம்பெனிக்கு, சுருக்கமாக பி.ஐ. கிட்டத்தட்ட அரை நூற்றாண்டு ஓடி, 1974இல் உடைக்கப்பட்டது. பி.ஐ. 1914இலேயே பி அண்ட் ஓ நிறுவனத்தோடு சேர்ந்துவிட்டதால் படமும் விவரமும் தேட பி அண்ட் ஓ மரபுக் காப்பகம் நல்ல இடம். புகைபோக்கி கறுப்பு, அதில் இரண்டு வெள்ளைப் பட்டைகள். இந்த இரண்டு பட்டையும் சரியாக விழுந்தால் ரஜூலாவைப் பார்த்த பெரியவர்கள் தூரத்திலிருந்தே அடையாளம் சொல்வார்கள்.

படகுகளை ஒவ்வொன்றாகச் செதுக்காதீர்கள். ஒரே ஒரு படகை ஜெலுத்தோங் மரத்தில், நுணுக்கமாக, நேரம் எடுத்துச் செதுக்குங்கள். 8.5 மீட்டர் படகு 1:200இல் 42.5 மி.மீ. அதை வார்னிஷ் அடித்துக் காயவைத்து ஒரு குச்சியின் நுனியில் கவிழ்த்து ஒட்டுங்கள். ஒரு பிளைவுட் துண்டில் அந்தப் படகின் வடிவத்தை விடச் சுற்றிலும் கொஞ்சம் பெரிதாக ஓட்டை வெட்டி, அதன் மேல் அரை மி.மீ. ஸ்டைரீன் (பிளாஸ்டிக்) தகட்டைக் குண்டூசிகளால் குத்தி இறுக்கி, அடுப்பின் மேலே தூரமாகப் பிடித்துத் தகடு தளர்ந்து தொய்யும் நேரத்தில் குச்சியில் ஒட்டிய படகை அச்சாக வைத்து ஒரே குத்தாகக் குத்துங்கள். ஜன்னல் திறந்திருக்கட்டும், புகை நல்லதல்ல. தகடு படகாகிவிடும், ஓரத்தை வெட்டி எடுத்தால் போதும். பன்னிரண்டு வேண்டும் என்றால் இருபது செய்யுங்கள், அதில் நல்ல பன்னிரண்டைப் பொறுக்குங்கள். கைவேலையில் ஒரே மாதிரி வருவதற்கு இதைவிட நம்பகமான வழி எனக்குத் தெரிந்து இல்லை. மேலே மூடும் கித்தானுக்குத் திசுத்தாளில் ஒரே ஒரு மடிப்பைப் பிரித்து எடுத்து, நீர்த்த மரப்பசையில் நனைத்துப் போர்த்துங்கள், காயும்போது தானாகவே இறுகிச் சுருக்கம் விழும், அந்தச் சுருக்கம் அப்படியே நிஜம்.

கப்பலுக்குள் காற்றை இறக்கும் குழலின் வாய் நிஜத்தில் 1 மீட்டர் என்றால் உங்களுக்கு 5 மி.மீ. நகை வேலை செய்யும் பத்தர் யாராவது தெரிந்தவராக இருந்தால் அவரிடம் போங்கள். தகட்டைத் தட்டிக் கிண்ணமாக்கும் குழிக்கட்டை அவரிடம் இருக்கும், மெல்லிய செம்புத் தகட்டில் வட்டம் வெட்டிக் கொடுத்தால் சில நிமிட வேலை. லிட்டில் இந்தியா பக்கம் நகைப் பட்டறையில் மரியாதையாகக் கேட்டால் பெரும்பாலும் ஆர்வமாகவே செய்து தருவார்கள், நம் வேலையும் அவர்கள் வேலையும் ஒரே வகைதானே. பத்தர் கிடைக்காவிட்டால் 5 மி.மீ. பிளாஸ்டிக் மணியைப் பாதியாக அறுத்து, உள்ளே குடைந்து, வளைத்த குழாயில் ஒட்டுங்கள்.

ராஜேந்திர சோழன் கடாரத்துக்கு வந்த கப்பலைக் கட்ட வேண்டும். பலகையில் ஆணிகளை எப்படிக் காட்டுவது? (பாயான் பாரு வாசகர்)

ஆணிக்கு முன்னால் ஒன்று சொல்லிவிடுகிறேன். 1025இல் வந்த அந்தக் கப்பல்களின் வரைபடமோ முழு உடலோ எதுவும் மிஞ்சவில்லை. இணையத்தில் சுற்றும் படங்கள் பிற்காலக் கற்பனை. ஆகையால் 'சோழர் கப்பல்' என்று பலகை எழுதி வைப்பதைவிட, அந்தக் காலக் கடலில் நிச்சயமாக இருந்த கட்டுமுறை ஒன்றைச் சரியாகக் காட்டுவது மேல் என்று நினைக்கிறேன். இந்தியப் பெருங்கடலில் பலகைகளை ஆணி இல்லாமல் கயிற்றால் தைத்துக் கட்டும் வழக்கம் இருந்தது. இந்தோனேசியாவின் பெலித்துங் தீவருகே 1998இல் கிடைத்த ஒன்பதாம் நூற்றாண்டுக் கப்பல் அப்படித் தைத்ததுதான், அதை அடிப்படையாக வைத்துக் கட்டிய ஒரு கப்பல் 2010இல் ஓமானிலிருந்து சிங்கப்பூர் வரைக்கும் ஓடியது. சென்னையில் துறைமுகம் வருவதற்கு முன் அலையைத் தாண்டி ஆட்களை ஏற்றி இறக்கிய மசூலா படகும் தென்னங்கயிற்றால் தைத்ததே, அதற்குப் பழைய ஓவியங்களும் புகைப்படங்களும் தாராளமாக உண்டு. முதலில் அதைக் கட்டுங்கள்.

1:20இல் ஓரங்குலப் பலகை 1.27 மி.மீ. வரும். பலகை ஓரம் நெடுக ஒரே இடைவெளியில் துளை விழ, ஒரு தகரத் துண்டில் இரண்டு ஓட்டை போட்டு அதையே அளவுகோலாக நகர்த்திக்கொண்டு போங்கள். பலகைச் சந்தின் மேல் நார் வைத்து அதன் மேல் தையல் ஓடும், அந்த நாருக்கு உரித்த தேங்காயின் மெல்லிய நாரே போதும்.

மர ஆணி வைத்த படகுதான் வேண்டும் என்றால் திரெங்கானுவின் புலாவ் டூயோங் பக்கம் பாருங்கள், வரைபடம் இல்லாமலே, உள்ளே விலாச் சட்டம் பூட்டுவதற்கு முன்பே பலகைகளைச் சேர்த்து, செங்கால் மரத்தில் கட்டும் மரபு அங்கே. அந்த மர ஆணிக்குச் சாத்தே குச்சி. மூங்கிலை 1 மி.மீ. கனத்துக்குப் பிளந்து, நுனியைச் சீவி, பத்தர்கள் கம்பி இழுக்கும் அச்சில் பெரிய ஓட்டையிலிருந்து சின்ன ஓட்டை வரை குறடால் இழுத்துக்கொண்டே வாருங்கள். 15 மி.மீ. ஆணி என்றால் 0.75 மி.மீ.யில் நிறுத்துங்கள். மற்ற மரங்கள் ஒடியும், மூங்கில் இழை நீளமானதால் தாங்கும்.

சூப்பர் குளு ஒட்டிய இடமெல்லாம் வெள்ளை பூக்கிறது. ஏன்? (ஆயர் ஈத்தாம் வாசகர்)

பசையின் ஆவி சுற்றுப்புறத்தில் படிந்து இறுகுவதுதான் அந்த வெள்ளை. நம் ஊர் ஈரக்காற்றில் இன்னும் அதிகம். குறைவாகத் தொடுங்கள், விசிறி ஓடட்டும், கண்ணாடிப் பக்கம் மட்டும் அதைக் கொண்டே போகாதீர்கள், அங்கே மரப்பசைதான். இரும்பு ஊசிகளையும் உள்ளே விடாதீர்கள், துருக் கறை சாயத்தைத் தாண்டி வெளியே வரும், பித்தளை வையுங்கள். ஈயத்தில் வார்த்த நங்கூரம், பீரங்கி எதுவும் வேண்டாம். மரத்திலிருந்து வரும் அமில ஆவி, மாதிரியை வைக்கும் மூடிய பெட்டிக்குள் ஈயத்தை வெள்ளைப் பொடியாக அரித்துவிடும், அருங்காட்சியகங்களுக்கே அது பெரிய தொல்லை. பெட்டியின் அடியில் தெரியாத இடத்தில் நாலு காற்றோட்டத் துளை போட்டு, பூச்சி வராமல் வலை ஒட்டுங்கள்.

எனக்குப் பதினான்கு வயது. எந்த மரத்தில் ஆரம்பிக்கலாம்? (ஜெலுத்தோங், பினாங்கு)

தம்பி, உன் வட்டாரத்துக்குப் பேர் கொடுத்த மரத்திலேயே ஆரம்பி. ஜெலுத்தோங் மிருதுவானது, இழை நேராக ஓடும், உளிக்குச் சுகமாக இறங்கும். மரக்கடையில் கழிவுத் துண்டு கேட்டாலே தருவார்கள். முழுக் கப்பல் இப்போது வேண்டாம். கப்பி ஒன்று செய். 5 மி.மீ. அகலச் சட்டம் ஒன்றை எடுத்து, பக்கவாட்டில் நடுவே நீளத்துக்கும் கயிறு படியும் பள்ளத்தை அரத்தால் இழுத்து, கயிறு போகும் துளைகளை வரிசையாக முதலில் போட்டுவிட்டு, அதன் பிறகுதான் துண்டு துண்டாக வெட்ட வேண்டும். வெட்டிய பிறகு துளை போட்டால் பிளந்துவிடும். மூலைகளை உப்புத்தாளில் உருட்டித் தேய். பத்து செய்து அதில் சிறந்த மூன்றை ஒரு அட்டையில் ஒட்டி, பக்கத்தில் அளவுகோல் வைத்துப் படம் எடுத்து அனுப்பு, அடுத்த இதழில் போடுகிறேன்.