‘பிரியர்’ என்ற சொல்லுக்கு என்ன பொருள்? எங்கே, எப்படிப் பயன்படுத்துவது?

ஒன்றை மிகவும் விரும்புகிறவர் பிரியர். ஆனால் இது தனியாக நிற்காத சொல். ‘அவர் ஒரு பிரியர்’ என்றால் யாருக்கும் புரியாது. எதன் மேல் பிரியம் என்பது முன்னால் வந்தாக வேண்டும். காபிப் பிரியர், அசைவப் பிரியர், சாப்பாட்டுப் பிரியர். (நடுவில் அந்த ‘ப்’பை விட்டுவிடாதீர்கள்.) பெண்ணுக்குப் பிரியை என்று உண்டு, இப்போது அவ்வளவாகப் புழங்குவதில்லை, பிரியர் என்றே இருபாலருக்கும் எழுதிவிடலாம்.

வடமொழியிலிருந்து வந்த சொல். கோயில் பேச்சில் நன்றாக ஊறியிருக்கிறது: சிவன் அபிஷேகப் பிரியர், பெருமாள் அலங்காரப் பிரியர், பிள்ளையாரோ மோதகப் பிரியர். இதே சொல் திசை மாறியும் வரும். ஹரிப்பிரியா என்றால் ஹரிக்குப் பிரியமானவள், அதாவது லட்சுமி. கர்நாடக இசையில் 56-வது மேளகர்த்தாவான (தாய் ராகமான) சண்முகப்பிரியா சண்முகனுக்கு உகந்த ராகம். அசோகர் தன் கல்வெட்டுகளில் ‘தேவானாம்பிரிய’ என்று சொல்லிக்கொண்டதும் இந்தக் கணக்குதான், தேவர்களுக்குப் பிரியமானவர். பெயர்களில் இப்படி விரும்பப்படுகிறவரைக் குறிக்கும்; ‘பிரியர்’ என்று நாம் எழுதும்போது விரும்புகிறவர் மட்டும்தான்.

சரி, ரசிகரும் இதுவும் ஒன்றா? இல்லை. பாட்டு, சினிமா, கிரிக்கெட், நடிகர் என்றால் ரசிகர். ‘ரஜினி பிரியர்’ என்று எழுதினால் சிரிப்பார்கள். பறவை, தொல்லியல் மாதிரி தேடிப் படித்து ஈடுபடும் விஷயம் என்றால் ஆர்வலர். பிரியர் பெரும்பாலும் நாக்கோடு சம்பந்தப்பட்டவர். நாய்ப் பிரியர், புத்தகப் பிரியர் என்பதும் தவறில்லை.

இந்தச் சொல்லில் லேசான செல்லமும் கேலியும் உண்டு. பத்திரிகைகள் ‘மதுப்பிரியர்கள்’ என்று எழுதுவது அதனால்தான். குடிகாரர் என்றால் வசவு, மதுப்பிரியர் என்றால் ஏதோ பாயசம் பிடிக்கும் என்பதுபோல ஆகிவிடுகிறது. விலை உயர்வுச் செய்தியில் அது பொருந்தலாம். குடித்துவிட்டு வீட்டில் அடித்தவரைப் பற்றிய செய்தியில் எனக்குச் சகிக்கவில்லை.

அப்புறம், இது எழுத்துச் சொல். பேச்சில் ‘நான் காபிப் பிரியன்’ என்று யாரும் சொல்வதில்லை. ‘எனக்கு காபின்னா உயிர்’ என்போம், அடுத்தவரைப் பற்றி என்றால் ‘அவன் சரியான காபிப் பைத்தியம்’.