தங்கை தூங்குகிறாள், எனக்குத் தூக்கம் வரவில்லை

சிஸ்டர் பதில்கள்

(தீவிர சிகிச்சைப் பிரிவில் 31 ஆண்டுகள் நர்ஸாக வேலை பார்த்து ஓய்வு பெற்றவர் வாசகர் கேள்விகளுக்குப் பதில் சொல்கிறார். இந்த முறை வந்த கடிதங்களில் பாதிக்கு மேல் ஒரே விஷயத்தைச் சுற்றியவை என்பதால், இந்த இதழ் முழுக்க அதற்கே.)

அம்மா இறந்து மூன்று மாதம் ஆகிறது. ‘அப்பாகிட்ட போறேன்’ என்று சொல்லிக்கொண்டே நிம்மதியாகக் கண்ணை மூடினார். தங்கையும் ‘அம்மாவும் அப்பாவும் ஒண்ணா இருக்காங்க’ என்று சொல்லிவிட்டுத் தூங்கிவிடுகிறாள். எனக்குக் கடவுள், மறுமை எதிலும் நம்பிக்கை இல்லை. இரவு இரண்டு மணிக்கும் விழித்துக் கிடக்கிறேன். பொய்யாகவே இருந்தாலும் நம்பிக்கை நிம்மதி தரும் என்றால், நானும் நம்பிவிட்டுப் போகலாமா சிஸ்டர்?

தம்பி, கேள்வியின் சுலபமான பாதியை முதலில் முடித்துவிடுகிறேன். பொய்யாக இருந்தாலும் நிம்மதி தருமா? தரும். ஐ.சி.யூ. வாசலில் ஒரு நீளமான பெஞ்சு உண்டு. ஒரே இரவில் மூன்று மதத்துக்காரர்கள் அதில் பக்கத்துப் பக்கத்தில் உட்கார்ந்து கண்ணை மூடியிருப்பதை எத்தனையோ தடவை பார்த்திருக்கிறேன். செத்த பிறகு என்ன ஆகும் என்பதில் மூன்று பேரும் சொல்வது ஒன்றுக்கொன்று ஒத்துவராது. மூன்றும் சேர்ந்து உண்மையாக இருக்க வழியில்லை. ஆனால் அரை மணி நேரத்தில் மூன்று பேருக்கும் ஒரே மாதிரிதான் மூச்சு அடங்கும், ஒரே மாதிரிதான் தோள் தளரும். அப்படியானால் குறைந்தது இரண்டு பேருக்காவது, உண்மையல்லாத ஒன்றிலிருந்து உண்மையான நிம்மதி கிடைத்திருக்கிறது.

அந்த நிம்மதி எங்கிருந்து வருகிறது என்பதுதான் எனக்குப் பல வருஷம் புரியாமல் இருந்தது. அதைப் புரியவைத்தவர் சாமியே கும்பிடாத ஒரு கணக்கு வாத்தியார். இரண்டு மாதம் எங்கள் வார்டில் இருந்தார். ஊசி குத்தும்போதும் குழாய் மாற்றும்போதும் கண்ணை மூடிக்கொண்டு பகா எண்களை முணுமுணுப்பார். இரண்டு, மூன்று, ஐந்து, ஏழு, பதினொன்று என்று போகும். தொண்ணூற்றேழுக்கு வருவதற்குள் பெரும்பாலும் எங்கள் வேலை முடிந்துவிடும். முடியாவிட்டால் மறுபடி இரண்டிலிருந்து. பக்கத்துக் கட்டில் பாட்டி அதே நேரத்தில் சாமி பேரைச் சொல்லிக்கொண்டிருப்பார். மானிட்டரில் இரண்டு பேருக்கும் நாடித்துடிப்பு மெதுவாக இறங்கும். வாய்க்கு ஒரு வேலை, மூச்சுக்கு ஒரு தாளம், அடுத்தது என்ன என்று தெரிந்த ஒரு வரிசை. மற்றதெல்லாம் கைமீறிப் போன நேரத்தில் மனிதருக்கு இது பெரிய பிடிமானம்.

மாலினோவ்ஸ்கி என்ற மானுடவியலாளர் நூறு வருஷத்துக்கு முன்னால் பப்புவா நியூ கினி பக்கத்து டிரோபிரியண்ட் தீவுகளில் மீனவர்களோடு தங்கி இதையேதான் கவனித்தார். கரையை ஒட்டிய காயலில் மீன் பிடிக்க அவர்கள் மந்திரம் எதுவும் சொல்வதில்லை. அங்கே மீன் நிச்சயம், ஆபத்தும் கிடையாது. ஆழ்கடலுக்குக் கிளம்பும்போதுதான் மந்திரமும் சடங்கும் வரும். திறமை எந்த இடத்தில் போதாமல் போகிறதோ அங்கேதான் அவை தொடங்குகின்றன.

ஆனால் பாட்டிக்கு ஒன்று கூடுதலாக இருந்தது. அதை மறைத்தால் நான் நேர்மையாகப் பேசியதாக ஆகாது. அவர் சொல்வதைக் கேட்க ஓர் ஆள் இருப்பதாக அவருக்கு உறுதி. பகா எண்கள் காது கொடுக்காது. கடைசி வாரத்தில் வாத்தியார் எண்ணுவதை நிறுத்திவிட்டார். ‘வேலை இல்லேன்னா இப்படி உக்காரும்மா’ என்று நாற்காலியைக் காட்டினார்.

இப்போது கஷ்டமான பாதி. ‘நானும் நம்பிவிட்டுப் போகலாமா?’ முடியாது தம்பி. கூடாது என்று சொல்லவில்லை, முடியாது என்கிறேன். நாளைக்கு உங்களுக்கு லாட்டரியில் முதல் பரிசு விழப்போகிறது என்று இந்த நிமிஷம் நம்பிப் பாருங்கள். நம்பினால் இன்று இரவு சுகமாகத் தூங்கலாம். வருகிறதா நம்பிக்கை? பிரெஞ்சுக் கணித மேதை பாஸ்கலுக்கும் இந்தச் சிக்கல் தெரிந்திருந்தது. அவர் இறந்தபின் 1670இல் வெளியான குறிப்புகளில், நம்ப முடியாதவருக்கு அவர் சொல்லும் யோசனை இதுதான்: நம்புகிறவர்கள் செய்வதையெல்லாம் நீயும் செய், நம்பிக்கை பின்னால் வந்து சேரும். சிலருக்கு வந்திருக்கலாம். ஆனால் உங்கள் தங்கை அதை மாத்திரையாக விழுங்கவில்லையே! அம்மா நல்லபடியாகப் போய்ச் சேர்ந்தார் என்பது அவளுக்குச் சேதி. ‘நிம்மதிக்காக நம்புகிறேன்’ என்று அவள் ஒருநாள் சொல்ல ஆரம்பித்தால், அன்றைக்கே அவளுக்கும் தூக்கம் போய்விடும்.

அதற்காக உங்களுக்கு ஒன்றுமே இல்லை என்று ஆகிவிடாது. 2010இல் ஹார்வர்டு மருத்துவக் கல்லூரிக்காரர்கள் ஒரு சோதனை செய்தார்கள். ஐ.பி.எஸ். எனப்படும் குடல் தொந்தரவு இருந்த 80 பேரில் ஒரு பாதிக்கு வெறும் மாத்திரை கொடுத்து, ‘இதில் மருந்து எதுவும் கிடையாது’ என்று முகத்துக்கு நேராகவே சொன்னார்கள். மூன்று வாரத்தில் அந்தப் பாதியில் 59 சதவீதம் பேர் போதுமான அளவு குணம் தெரிகிறது என்றார்கள். மாத்திரையே இல்லாத மறுபாதியில் 35 சதவீதம். அக்கறையாகப் பேசும் டாக்டர், குறித்த நேரம், வேளை தவறாமல் செய்யும் ஒரு காரியம். உள்ளே ஒன்றும் இல்லை என்று தெரிந்தும் இவை வேலை செய்திருக்கின்றன. அம்மாவுக்காகத் தினமும் ஒரே நேரத்தில் ஏதாவது ஒன்று செய்யுங்கள். அவர் கையெழுத்து இருக்கும் ஒரு தாளை எடுத்துப் படிப்பதாக இருந்தாலும் சரி. அதற்கு எந்தக் கொள்கையிலும் கையெழுத்துப் போட வேண்டியதில்லை.

இன்னொன்று, உங்கள் கடிதத்தில் எனக்கு உறுத்தியது. தங்கை தூங்குகிறாள் என்று உங்களுக்கு எப்படித் தெரியும்? கேட்டீர்களா, அறைக் கதவு சாத்தியிருப்பதைப் பார்த்து முடிவு செய்தீர்களா? பக்தி உள்ளவர்கள் அழுவதில்லை என்று யாரோ கிளப்பிவிட்டிருக்கிறார்கள். எங்கள் பெஞ்சில் நான் அப்படிப் பார்த்ததில்லை. இன்றைக்கு இரண்டு மணிக்கு விழித்தால் அவள் கதவைத் தட்டிப் பாருங்கள்.

(தூக்கமின்மை வேலையையும் சாப்பாட்டையும் கெடுக்கிறது என்றால் இந்த வாரமே ஒரு டாக்டரைப் பாருங்கள். இதைச் சொல்லாமல் விட எனக்கு மனசு வராது.)

அப்பா படுக்கையில் இருக்கிறார். ‘நான் போனா உங்கம்மாவப் பாப்பேனா?’ என்று தினமும் கேட்கிறார். எனக்கு நம்பிக்கை கிடையாது. ‘ஆமாம்’ என்று சொல்லிவிடலாமா? வள்ளுவரே பொய்க்கு அனுமதி கொடுத்திருக்கிறாரே?

கொடுத்தார்தான், ஆனால் ‘புரைதீர்ந்த நன்மை பயக்கும் எனின்’ என்று ஒரு பூட்டும் போட்டுத்தானே கொடுத்தார்! குற்றமில்லாத நன்மையா என்பதைச் சொல்கிறவர்தான் பார்த்துக்கொள்ள வேண்டும். படுக்கையில் இருப்பவர்களுக்குக் காது கூர்மை. ‘ஆமாம்பா’ என்று நீங்கள் அவசரமாகச் சொல்வதில் இருக்கும் பொய்யை உங்கள் அப்பா உடனே பிடித்துவிடுவார். மகளும் தன்னிடம் நடிக்கிறாள் என்று தெரிந்தால் அவருக்கு மிச்சமிருக்கும் துணையும் போனது போலத்தான்.

வேலைக்குச் சேர்ந்த புதிதில் நானும் ‘கண்டிப்பா பாப்பீங்க’ என்று சொல்லிக்கொண்டிருந்தவள்தான். ஒரு பெரியவர், ‘உனக்கு எப்படித் தெரியும்?’ என்று திருப்பிக் கேட்டார். எனக்கு வாய் அடைத்துவிட்டது. அதன் பிறகு பதில் சொல்வதை விட்டுவிட்டுக் கேள்வி கேட்க ஆரம்பித்தேன். ‘பாத்தா முதல்ல என்ன சொல்லுவீங்க?’ இதில் பொய் இல்லை. ஒருவர் மனைவியிடம் மன்னிப்புக் கேட்க வேண்டும் என்றார். ஒருவர், ‘என்னை விட்டுட்டு ஏண்டி போனேன்னு கேப்பேன்’ என்று சிரித்துக்கொண்டே அழுதார். அப்பாவிடம் கேட்டுப் பாருங்கள். ‘பார்ப்பேனா’ என்ற கேள்விக்கு அவருக்கு வேண்டியது பெரும்பாலும் விடை அல்ல. அம்மாவைப் பற்றிப் பேச அந்த வீட்டில் ஆள் வேண்டும், அவ்வளவுதான்.

‘நீ நம்புறியா?’ என்று நேராகக் கேட்டுவிட்டாரானால், ‘எனக்குத் தெரியலப்பா, நீங்க பாக்கணும்னு ஆசையா இருக்கு’ என்று சொல்லலாம். அது உண்மைதானே?

பிரார்த்தனையால் நோய் குணமாகும் என்று அமெரிக்காவில் நிரூபித்துவிட்டார்களாமே?

நிரூபிக்கத்தான் பார்த்தார்கள். இதய பைபாஸ் ஆபரேஷனுக்கு வந்த 1,802 நோயாளிகளை மூன்று குழுவாகப் பிரித்து, ஆறு ஆஸ்பத்திரிகளில் நடந்த ஆய்வு 2006இல் வெளியானது. பிரார்த்தனை நடக்கலாம், நடக்காமலும் போகலாம் என்று சொல்லப்பட்டவர்கள் இரண்டு குழு. அதில் பிரார்த்தனை நடந்தவர்களில் 52 சதவீதம் பேருக்கும் நடக்காதவர்களில் 51 சதவீதம் பேருக்கும் ஆபரேஷனுக்குப் பின் சிக்கல்கள் வந்தன. ‘உங்களுக்காக நிச்சயமாகப் பிரார்த்திக்கிறார்கள்’ என்று சொல்லப்பட்ட மூன்றாவது குழுவில் 59 சதவீதம்! ‘ஊரே பிரார்த்திக்கும் அளவுக்கு என் நிலைமை மோசமா’ என்று பயந்துவிட்டார்களோ என்று ஆய்வாளர்களே யோசித்தார்கள்.

யாரோ முகம் தெரியாதவர்கள் தூரத்திலிருந்து செய்த பிரார்த்தனை அது என்பதையும் சேர்த்துத்தான் படிக்க வேண்டும். பெற்ற தாய் கட்டில் பக்கத்தில் உட்கார்ந்து முணுமுணுப்பதை அந்த ஆய்வு அளக்கவில்லை. நிம்மதி வேறு, குணம் வேறு. இரண்டையும் ஒரே பொட்டலத்தில் கட்டிக் கொடுக்கிறவர்களிடம் கொஞ்சம் தள்ளியே நில்லுங்கள்.

‘மதம் மக்களின் அபின்’ என்ற மார்க்ஸின் கருத்தை ஏற்கிறீர்களா?

அதே பத்தியில் மதத்தை ‘ஒடுக்கப்பட்ட உயிரின் பெருமூச்சு’ என்றும் எழுதியவர் அவர். 1844இல் வெளியான அந்தக் கட்டுரையின் காலத்தில் அபின் வீட்டில் வைத்திருக்கும் வலி மருந்தும்கூட. அபின் என்றால் எனக்கு அதிலிருந்து எடுக்கும் வலி மருந்தான மார்ஃபின்தான் நினைவுக்கு வரும். அது எந்த நோயையும் குணமாக்குவதில்லை. குணமாக்கவில்லை என்பதற்காக வலியில் துடிக்கிறவருக்கு நாங்கள் அதை மறுத்ததும் இல்லை. ஆனால் அளவு பார்க்காமல், மூச்சைக் கவனிக்காமல் ஒருநாளும் கொடுத்ததில்லை.

எனக்கு மார்பகப் புற்றுநோய், சிகிச்சை நடக்கிறது. ‘ஏதோ பாவத்துக்குத் தண்டனை’ என்று நெருங்கிய உறவினர் ஒருவர் சொல்லிவிட்டார். நான் பக்தி உள்ளவள். இப்போது சாமி கும்பிட உட்கார்ந்தாலே உடம்பு நடுங்குகிறது.

அம்மா, அந்த உறவினர் சொன்னதை முதலில் மருத்துவமாகவே தள்ளிவிடுகிறேன். செல்கள் பிரியும்போது மரபணுவில் பிசகு சேர்வதால் வருவது புற்றுநோய். செல்லுக்குப் பாவம், புண்ணியம் பார்க்கத் தெரியாது. பிறந்த குழந்தைக்குக்கூட வருகிறது.

உங்கள் நடுக்கம் மனப்பிரமையும் இல்லை. பார்கமென்ட் என்ற உளவியலாளரும் கூட்டாளிகளும் 55 வயதுக்கு மேற்பட்ட 596 நோயாளிகளை இரண்டு வருஷம் தொடர்ந்து கவனித்து 2001இல் எழுதினார்கள். ‘கடவுள் என்னைக் கைவிட்டுவிட்டாரா’, ‘அவருக்கு என்மேல் அன்பில்லையா’, ‘இது சாத்தான் வேலை’ என்றெல்லாம் உள்ளுக்குள் போராடியவர்களுக்கு அந்த இரண்டு வருஷத்தில் இறக்கும் ஆபத்து 19 முதல் 28 சதவீதம் வரை கூடுதலாக இருந்தது. இதைப் படித்துப் பயப்படாதீர்கள். அது ஆஸ்பத்திரியில் சேர்ந்திருந்த, வயதான ஒரு கூட்டத்தின் சராசரி, உங்கள் ஜாதகம் இல்லை. நம்பிக்கை என்றாலே ஆறுதல் என்று நினைக்கிறவர்களுக்காகத்தான் இந்தக் கணக்கைச் சொல்கிறேன். ஆறுதல் தருவதும் அதே கடவுள்தான், ராத்திரியில் விரட்டுவதும் அவரேதான். யார் எந்த முகத்தைக் காட்டிக் கொடுத்தார்கள் என்பதில் இருக்கிறது எல்லாம்.

உங்களைப் போலவே ஒரு நோயாளி எங்களிடம் இருந்தார். வலி தாங்காமல் போர்வையைக் கடிப்பார், ஆனால் மார்ஃபின் வேண்டாம் என்பார். அனுபவித்தால் கணக்குத் தீரும் என்று எண்ணம். டாக்டர் சொன்னார், நான் சொன்னேன், மகன் காலில் விழாத குறையாகக் கெஞ்சினான். கேட்கவில்லை. கடைசியில் அவர் மதத்துப் பெரியவர் ஒருவரை மகன் அழைத்து வந்தான். அவர் கட்டில் ஓரத்தில் உட்கார்ந்து, ‘வலிய நிறுத்துற மருந்தையும் அவர்தானே அனுப்பினார்?’ என்று கேட்டார். அன்று சாயங்காலம் அந்த அம்மா ஊசி போட்டுக்கொண்டார்.

அந்தப் பெரியவர் சொன்னது உண்மையா என்று நான் கேட்டுக்கொண்டிருக்கவில்லை. முள்ளை முள்ளால் எடுத்தார். என்னால் முடிந்திருக்காது, ஏனென்றால் நான் வெளியே நிற்கிறவள். உங்களுக்கும் அப்படி ஒருவரைத் தேடுங்கள். உங்கள் நம்பிக்கைக்கு உள்ளே இருப்பவராக, பயமுறுத்தாதவராக. கிடைக்கும்வரை அந்த உறவினர் வந்தால், ‘தூங்குறா’ என்று வீட்டிலிருப்பவர்களைச் சொல்லச் சொல்லுங்கள். இந்தப் பொய்க்குப் புரை எதுவும் கிடையாது. சிகிச்சையில் ஒரு வேளையைக்கூடத் தவறவிடாதீர்கள்.

சிஸ்டர், உங்களுக்கு நம்பிக்கை உண்டா, இல்லையா? ஒரே வார்த்தையில் சொல்லுங்கள்.

ஒரே வார்த்தையில் வராது. என் மகனுக்கு ஆபரேஷன் நடந்த நாலரை மணி நேரம் நானும் அந்தப் பெஞ்சில்தான் உட்கார்ந்திருந்தேன். சின்ன வயதில் பாடமான பிரார்த்தனை ஒன்றை வாய் தன்பாட்டுக்குச் சொல்லிக்கொண்டிருந்தது. கைநடுக்கம் நின்றிருந்தது. டாக்டர் வெளியே வந்து, ‘நல்லபடியா முடிஞ்சுது சிஸ்டர்’ என்றார். அவருக்கு நன்றி சொன்னேன். வீட்டுக்கு வந்து செருப்பைக் கழற்றும்போதுதான், இன்னொருவருக்குச் சொல்ல விட்டுப்போனது நினைவுக்கு வந்தது. இன்னும் சொல்லவில்லை.