உள்ளாட்சி ஊழல்: நல்ல ஆளைத் தேடுவதை விட லீவில் அனுப்புவது மேல்

கேள்வி: உள்ளாட்சி அமைப்புகளில் ஊழலையும் நெறிமீறலையும் உருப்படியாகத் தடுக்க முடியுமா? எப்படி?

முழுசாக முடியாது, ஆனால் பெருமளவு முடியும். உள்ளாட்சிக் கணக்குகளைத் தணிக்கை செய்யும் வேலையில் 20 வருஷத்துக்கு மேல் இருந்தவன் நான். 'நல்லவங்களைத் தேர்ந்தெடுத்தா எல்லாம் சரியாகிடும்' என்று மட்டும் என்னால் பதில் எழுத முடியாது. நான் தணிக்கைத் தடை (ஆட்சேபம்) எழுதிய கோப்புகளில் நிறைய, ஊரே தங்கமான மனிதர் என்று சொன்னவர்களின் மேஜையிலிருந்து வந்தவை.

அமெரிக்காவின் இல்லினாய் மாநிலத்தில் டிக்சன் என்று ஒரு சின்ன நகரம். மக்கள்தொகை 16,000-ஐத் தொடாது. அங்கே நகராட்சியின் நிதிப் பொறுப்பு ரீட்டா கிரண்ட்வெல் என்ற அம்மாவிடம் இருந்தது. 1990 டிசம்பரில் அவர் நகராட்சியின் பெயரிலேயே இன்னொரு வங்கிக் கணக்கை ரகசியமாகத் தொடங்கினார். பெயரைப் பார்த்தால் ஏதோ சாக்கடைப் பணிக்கு ஒதுக்கிய இருப்பு நிதி போலத் தெரியும். நகராட்சிப் பணத்தை அதற்கு மாற்றி, அங்கிருந்து தன் செலவுக்கு எடுத்துக்கொண்டார். 2012 வரை போன தொகை சுமார் 5 கோடியே 37 லட்சம் டாலர். உயர் ரகக் குதிரைகளை நூற்றுக்கணக்கில் வளர்த்துப் போட்டிகளில் பரிசு வாங்கிக்கொண்டிருந்தார். இந்தப் பக்கம் நகராட்சியில் எந்த வேலைக்கும் காசில்லை. கேட்டால், மாநில அரசு தரவேண்டிய வரிப் பங்கு இன்னும் வரவில்லை என்பார். வெளித் தணிக்கையும் வருஷா வருஷம் நடந்துகொண்டுதான் இருந்தது (எங்கள் தணிக்கையாளர் இனத்துக்கே அவமானம்).

மாட்டியது எப்படி? அவர் நீண்ட லீவில் போயிருந்த சமயம், அவர் இடத்தைப் பார்த்துக்கொண்ட இன்னொரு ஊழியர் வங்கியிடம் எல்லாக் கணக்குகளின் ஸ்டேட்மென்ட்டையும் கேட்டார். கட்டோடு அந்தக் கணக்கும் வந்து விழுந்தது. ஊழியர் மேயரிடம் காட்ட, மேயர் அமெரிக்க மத்தியப் புலனாய்வு அமைப்பான எஃப்.பி.ஐ.யிடம் போனார். 2013-இல் ரீட்டாவுக்கு 19 வருஷம் 7 மாதம் சிறை.

பணம் வாங்குவது, கணக்கு எழுதுவது, செக் போடுவது, வங்கிக் கணக்கைச் சரிபார்ப்பது, தபாலைப் பிரிப்பது எல்லாமே ஒரே ஆள் கையில் இருந்தால் அவர் மகானாகவே இருந்தாலும் அது ஓட்டைதான். பல வங்கிகளில் கட்டாய லீவு என்று ஒரு வழக்கம் உண்டு. வருஷத்தில் சில நாட்கள் தொடர்ந்து நாற்காலியை விட்டு எழுந்தே ஆகவேண்டும், அந்த நாட்களில் வேலையை வேறொருவர் பார்ப்பார். உள்ளாட்சியிலோ இதற்கு நேர்மாறு, 10 வருஷமாக ஒருநாள்கூட லீவு போடாதவருக்குப் பொன்னாடை போர்த்துவார்கள். நான் முதலில் எடுத்துப் பார்ப்பது அவருடைய பதிவேட்டைத்தான்.

'தேனெடுத்தவன் புறங்கையை நக்காமல் இருப்பானா' என்று எல்லாரும் சொல்லித் தப்பித்துக்கொள்வார்கள். சட்டியை அவனும் மூடியை இன்னொருத்தனும் வைத்திருக்கட்டுமே என்பதுதான் என் கட்சி.

அடுத்தது கொள்முதல். ஒருமுறை தெருவிளக்கு வாங்கிய கோப்பு ஒன்று என் மேஜைக்கு வந்தது. மூன்று கம்பெனிகளின் கொட்டேஷன், மூன்று லெட்டர்பேடு, மூன்று சீல், ஒப்பீட்டுப் பட்டியல், எல்லாக் கையெழுத்தும் பக்கா. சும்மா மூன்று தாளையும் ஒன்றன்மேல் ஒன்றாக வைத்து வெளிச்சத்தில் பிடித்தேன். மடிப்புக் கோடு மூன்றிலும் ஒரே இடத்தில் விழுந்தது. ஒரே கவருக்குள் சேர்த்து மடித்து வந்த தாள்கள்! பிறகு பார்த்தால் மூன்றிலும் ஒரே எழுத்துப்பிழை. போதாததற்கு, டெண்டர் விடவேண்டிய வரம்பைத் தொடாமல் ஒரே வேலையை நாலு பில்லாக உடைத்திருந்தார்கள். விதிப்படி இருக்கவேண்டிய ஒவ்வொரு தாளும் அந்தக் கோப்பில் இருந்தது என்பதுதான் கொடுமை.

அதனால் கோப்பைக் கூடுதலாகத் தடிமனாக்குவதில் எனக்கு நம்பிக்கை இல்லை, திறந்து வைப்பதில்தான் நம்பிக்கை. உக்ரைன் 2016-இல் புரோசோரோ என்ற இணையவழிக் கொள்முதல் முறையை அரசு அமைப்புகளுக்குக் கட்டாயமாக்கியது. யார் என்ன விலை கேட்டார், யாருக்குப் போனது என்பதை யார் வேண்டுமானாலும் பார்க்கலாம். டெண்டரில் தோற்ற கான்ட்ராக்டரைப் போலக் கூர்மையான தணிக்கையாளரை நான் பார்த்ததே இல்லை. அவர் கண்ணில் பட்டால் போதும்.

மக்கள் கூட்டம் போட்டால் ஊழல் நின்றுவிடும் என்று பலர் நம்புகிறார்கள். இந்தோனேசியாவில் 600-க்கும் மேற்பட்ட கிராமங்களின் சாலைப் பணிகளில் பெஞ்சமின் ஓல்கன் என்ற பொருளாதார அறிஞர் இதைச் சோதித்துப் பார்த்தார். போட்ட சாலையைத் தோண்டி, உள்ளே எவ்வளவு ஜல்லி இருக்கிறது என்று அளந்தார்கள். 'தணிக்கை நிச்சயம் வரும்' என்று முன்கூட்டியே சொல்லப்பட்ட கிராமங்களில், காணாமல்போன செலவு (கணக்கில் காட்டி, வேலையில் சேராத பணம்) சுமார் 8 சதவீதப் புள்ளி குறைந்தது. கூட்டத்துக்கு மக்களை அதிகமாக அழைத்ததில் சராசரியாகப் பெரிய பலன் இல்லை. இதில் எனக்குப் பிடித்த விஷயம் வேறு. தணிக்கை வரும் என்று தெரிந்த ஊர்களில் பணிப் பொறுப்பாளர்களின் சொந்தக்காரர்களுக்கு அதிகமாக வேலை கிடைத்தது! பணத்தில் கைவைக்க முடியாவிட்டால் மச்சானுக்கு வேலை.

அங்கேதான் நெறிமீறல் வருகிறது. இதில் பாதி, சட்டப்படி குற்றமாகவே இருக்காது. தலைவரின் தம்பி கான்ட்ராக்ட் எடுப்பதும், லே-அவுட் அனுமதி ஓட்டெடுப்பில் அங்கேயே மனை வாங்கி வைத்திருக்கும் உறுப்பினர் கைதூக்குவதும் இந்த ரகம். சொத்து, தொழில், உறவினர் தொழில் பற்றிய அறிவிப்பை வருஷாவருஷம் வாங்கி வெளியிட வேண்டும். சம்பந்தப்பட்ட பொருள் விவாதத்துக்கு வரும்போது அந்த உறுப்பினர் அறையைவிட்டு எழுந்து போக வேண்டும், அது மினிட்ஸில் ஏற வேண்டும். வாக்களிக்காமல் அங்கேயே உட்கார்ந்திருந்தால் போதும் என்ற சமரசம் வேண்டாம். அவர் முகத்தைப் பார்த்துக்கொண்டே மற்றவர்கள் எப்படி எதிர்த்துப் பேசுவார்கள்?

சம்பளமும் இதில் சேர்த்தி. கலிபோர்னியாவின் பெல் என்ற ஏழை நகரத்தில் தலைமை நிர்வாகி ராபர்ட் ரிசோ வருஷத்துக்கு 8 லட்சம் டாலருக்கு நெருக்கமாகச் சம்பளம் வாங்கியதை 2010-இல் ஒரு நாளிதழ் போட்டு உடைத்தது. பகுதிநேர உறுப்பினர்களும் ஆளுக்குச் சுமார் 1 லட்சம் டாலர் வாங்கிக்கொண்டிருந்தார்கள். சில நிமிஷம் மட்டுமே கூடும் குழுக்களின் பெயரில் அந்தத் தொகை ஏறியிருந்தது. 2014-இல் ரிசோவுக்கு 12 வருஷம் சிறை.

புகார் கொடுப்பவரைக் காப்பாற்றுவது பற்றி எல்லாரும் எழுதிவிட்டார்கள். நான் சேர்ப்பது ஒன்றுதான்: புகார்ப் பெட்டியின் சாவி அந்த அலுவலகத் தலைமையிடம் இருக்கக் கூடாது.

நீங்கள் புதிதாகத் தேர்வான உறுப்பினர் என்றால், முதல் கூட்டத்தில் ஊழலைப் பற்றிப் பேசவே வேண்டாம். நம் அமைப்பின் பெயரில் மொத்தம் எத்தனை வங்கிக் கணக்கு, ஒவ்வொன்றிலும் யார் கையெழுத்து என்ற பட்டியலை மட்டும் எழுத்தில் கேளுங்கள். அலுவலகத்திலிருந்து அதை வாங்கிக்கொண்டு, வங்கியிடமிருந்து நேராக இன்னொன்றும் வரவழையுங்கள். பிறகு இரண்டையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்து எண்ணுங்கள்.