நினைவு உதவித்தொகை: 10 லட்சத்தை எங்கே, எப்படி வைப்பது?

கேள்வி: எங்கள் அக்கா கோத்தகிரியில் சிறப்பாசிரியராக இருந்து மறைந்தவர். அவர் நினைவாக, நீலகிரியில் அறக்கட்டளைகள் மூலம் மாற்றுத்திறனாளிகளுக்குப் பணிசெய்பவர்கள் மேலே படிக்க ஆண்டுதோறும் உதவித்தொகை தர நினைக்கிறோம். 10 லட்சம் ரூபாய் இருக்கிறது. இதற்குத் தனி அறக்கட்டளை தொடங்க வேண்டுமா?

பதில்: வேண்டாம். பத்திரப் பதிவு, வருமான வரிப் பதிவு, வருடா வருடம் ஆடிட்டர் என்று அந்தச் செலவே வட்டியில் ஒரு பங்கைத் தின்றுவிடும். மலையில் ஏற்கெனவே இயங்கும், 12ஏ பதிவும் (அறக்கட்டளையின் வருமானத்துக்கு வரிவிலக்கு தருவது) 80ஜி அனுமதியும் (நன்கொடை தருபவருக்கு வரிக்கழிவு தருவது) நடப்பில் உள்ள பொது அறக்கட்டளை ஒன்றிடம் பணத்தை ஒப்படையுங்கள். (2025 வருமான வரிச் சட்டத்தில் பிரிவு எண்கள் மாறினாலும், ஆடிட்டர்களிடம் இந்தப் பெயர்களில் கேட்டாலே புரிந்துகொள்வார்கள்.) பதிவுச் சான்றில் காலாவதித் தேதியை அவசியம் பாருங்கள்.

காசோலையோடு ஒரு கடிதம் போக வேண்டும். 'இத்தொகை மூலநிதிக்கு உரியது, அசலைத் தொடக்கூடாது, வட்டி இந்த உதவித்தொகைக்கு மட்டும்' என்று அதில் எழுதுங்கள். கடிதம் இல்லையென்றால் அது சாதாரண நன்கொடையாகிவிடும். சில ஆண்டுகளில் கட்டடப் பழுதுபார்ப்பில் கரைந்துபோகும். அந்த அறக்கட்டளை பிற்காலத்தில் மூடப்பட்டால் அசல் எந்த நிறுவனத்துக்குப் போக வேண்டும் என்பதையும் அதிலேயே சொல்லிவிடுங்கள்.

பணம் வங்கி வைப்பில் இருக்கட்டும். வட்டி கூடுதல் என்று சீட்டிலோ தனியார் ஃபைனான்ஸிலோ போட்டால், சட்டம் அனுமதிக்காத முதலீடு என்று அறக்கட்டளையின் வரிவிலக்கே கேள்விக்குள்ளாகும். 7 சதவீதம் என்று வைத்துக்கொண்டால் ஆண்டுக்கு 70,000 ரூபாய் வரும். வருமானத்தில் 85 சதவீதத்தை அந்த ஆண்டிலேயே அறப்பணிக்குச் செலவிட வேண்டும் என்பது விதி, அதாவது 59,500. எனவே 60,000 ரூபாயை உதவித்தொகையாகக் கொடுத்துவிட்டு, 10,000 ரூபாயை அசலோடு சேர்க்கச் சொல்லுங்கள். சேர்க்காமல் விட்டால் பத்து வருடத்தில் கட்டணம் ஏறியிருக்கும், உதவித்தொகை அப்படியே நிற்கும். வங்கி வட்டியிலேயே வரியை (டிடிஎஸ்) பிடித்தால், அறக்கட்டளை வரிக் கணக்குத் தாக்கல் செய்து திரும்பப் பெற வேண்டும். அதனால் முதல் ஆண்டு கையில் வருவது சற்றுக் குறையலாம்.

இனி, யாருக்குக் கொடுப்பது? சிறப்புக் கல்வி, பேச்சு-செவித்திறன் பயிற்சி போன்ற படிப்புகளுக்கு இந்திய மறுவாழ்வு கவுன்சிலின் அங்கீகாரம் வேண்டும். 1992-ம் ஆண்டுச் சட்டப்படி, கவுன்சிலின் மத்தியப் பதிவேட்டில் பெயர் இல்லாதவர் இத்தொழிலைச் செய்வது குற்றம். கல்லூரி பெரியது என்பது போதாது. சேரப்போகும் கல்வியாண்டுக்கு அந்தப் படிப்புக்கு அங்கீகாரம் உண்டா என்று கவுன்சிலின் இணையதளத்தில் பாருங்கள். அங்கீகாரம் இல்லாத இடத்தில் படித்தால் இரண்டு வருடமும் பணமும் வீண். இயன்முறை மருத்துவம் படிப்பவர்கள் இந்தக் கவுன்சிலின்கீழ் வருவதில்லை. அவர்களுக்கு 2021-ம் ஆண்டின் துணைநிலை சுகாதாரத் தொழிலர் ஆணையச் சட்டம் பொருந்தும். விண்ணப்பத்தில் எல்லோரிடமும் மறுவாழ்வு கவுன்சில் எண் கேட்டால், நல்ல ஆட்கள் வாசலிலேயே திரும்பிவிடுவார்கள்.

'மாற்றுத்திறனாளி' என்பதற்கு 2016-ம் ஆண்டு மாற்றுத்திறனாளிகள் உரிமைச் சட்டத்தின் 21 வகைகளையும் ஏற்றுக்கொள்ளுங்கள். அதில் அரிவாள் செல் சோகையும் உண்டு. நீலகிரிப் பழங்குடிகளிடையே அந்த நோய் இருப்பதால், அவர்களிடையே வேலைசெய்யும் செவிலியரும் தகுதி பெற வேண்டும். ஆளைத் தேர்ந்தெடுக்கும்போது மொழிக்கும் இடம் கொடுங்கள். பந்தலூர்ப் பக்கம் ஒரு பணியர் பழங்குடி வீட்டுக் குழந்தைக்குப் பேச்சுப் பயிற்சி தர, வீட்டில் பேசும் மொழி தெரிந்தவரால்தான் முழுமையாக முடியும்.

கட்டணத்தைவிடப் பெரிய தடை சம்பள இழப்புதான். அறக்கட்டளைப் பள்ளியில் குறைந்த ஊதியத்துக்கு வேலைசெய்பவர், வகுப்புக்காகக் கோவை இறங்கினால் அந்த மாதங்களில் வீட்டுக்கு என்ன செய்வார்? அறை வாடகை, பேருந்துச் செலவு, அவர் இடத்தில் நிற்கும் மாற்று ஆசிரியரின் ஊதியம் ஆகியவற்றையும் உதவித்தொகையில் சேருங்கள். 60,000 ரூபாயை மூன்று பேருக்குப் பிரிப்பதைவிட ஒருவருக்கு முழுதாகக் கொடுப்பது பலன் தரும்.

படித்து முடித்ததும் சமவெளியிலேயே தங்கிவிடுவார்களோ என்று பயந்து பத்திரம் எழுதி வாங்க வேண்டாம். ஏழைக் குடும்பங்கள் விண்ணப்பிக்கவே அஞ்சும். சேரும்போது பாதி, முதலாண்டு தேறியதும் கால் பங்கு, மலைக்குத் திரும்பி ஆறு மாதம் பணிசெய்த பின் மீதி என்று பிரித்துக் கொடுங்கள். கல்விக் கட்டணம் நேராகக் கல்லூரிக் கணக்குக்குப் போகட்டும்.

தேர்வுக் குழுவில் மூவர் போதும்: துறை அறிந்தவர் ஒருவர், மாற்றுத்திறனாளியோ அப்படிப்பட்ட குழந்தையின் பெற்றோரோ ஒருவர், உங்கள் குடும்பத்திலிருந்து ஒருவர். டிரஸ்டிகளின் உறவினருக்கும் உங்கள் உறவினருக்கும் இது கிடையாது என்று முதலிலேயே எழுதிவிடுங்கள். மூலநிதி கொடுத்தவர் வீட்டுக்கே பணம் திரும்பினால் வரிவிலக்குக்கு ஆபத்து. அக்காவின் பிள்ளைகள் யாராவது இதே துறையில் படித்தால், அவர்களுக்குக் குடும்பப் பணத்திலிருந்து தனியாகக் கொடுங்கள்.

80ஜி கழிவு பழைய வரி முறையில் இருப்பவர்களுக்கு மட்டுமே உண்டு. ரொக்கமாக 2,000 ரூபாய்க்கு மேல் கொடுத்தால் அந்தக் கழிவும் கிடையாது. அதனால் காசோலையோ வங்கிப் பரிமாற்றமோதான்.