பல வருடங்களாக ஓடாமல் நிற்கும் பிரீமியர் பத்மினி காரின் கதவுகளை வீட்டிலேயே சரிசெய்ய முடியுமா?

தாராளமாக முடியும். எங்கள் வண்டி எண்பதுகளில் வாங்கிய பத்மினி. அப்பா ஓட்டுவதை நிறுத்தியதும் வேப்பமரத்தடியில் நின்றுவிட்டது. நான்கு கதவுகளையும் வீட்டு வாசலிலேயே வைத்துப் பார்த்தேன். வெல்டிங்கும் பெயிண்டும் மட்டும் வெளியே.

கழற்றுவதற்கு முன்னால் ஒரு சோதனை. கதவைப் பாதி திறந்து, நுனியைப் பிடித்து மேலே தூக்கிப் பாருங்கள். கதவு மட்டும் லொடலொடவென்று ஆடினால் கீலுக்குள் இருக்கும் பின் (ஆணி) தேய்ந்திருக்கிறது, மாற்றிவிடலாம். கீலோடு சேர்ந்து அது மாட்டியிருக்கும் பில்லர் (தூண்) தகடே அசைந்தால் அது கதவு வேலையே இல்லை. பில்லரையும் கதவுக்குக் கீழே நீளவாக்கில் ஓடும் ரன்னிங் போர்டு தகட்டையும் டிங்கர் (தகடு வேலைக்காரர்) முதலில் பார்த்தாக வேண்டும். அதை விட்டுவிட்டுக் கதவை எவ்வளவு அழகாகச் செய்து மாட்டினாலும் இடைவெளி ஒத்துவராது.

கண்ணாடி சுற்றும் கைப்பிடியைக் கழற்றுவதில்தான் பலரும் முழிப்பார்கள். பழைய வண்டிகளில் சிலவற்றுக்குக் குறுக்கே ஒரு சின்ன பின் இருக்கும்; பின்னால் உள்ள வளையத்தை உள்ளே அமுக்கினால் தெரியும். சிலவற்றில் லாட வடிவ கிளிப். அதற்கு ஒரு துணித் துண்டைக் கைப்பிடிக்கும் வளையத்துக்கும் நடுவே விட்டு, இரண்டு பக்கமும் மாற்றி மாற்றி இழுங்கள். கிளிப் தெறித்து ஓடும், பக்கத்தில் சாக்கடை இருந்தால் மூடிவிட்டு ஆரம்பியுங்கள். கீல் போல்ட்டைத் தொடுவதற்கு முன் அதைச் சுற்றிக் கோடு கீறிக்கொண்டால் திரும்ப மாட்டும்போது பாதி வேலை மிச்சம்.

இப்போது அடிப்பகுதி. கண்ணாடி ஓரமாக மழைத்தண்ணீர் கதவுக்குள் போகத்தான் செய்யும், அப்படித்தான் கதவை அமைத்திருக்கிறார்கள். அது வெளியேற அடியில் சின்னச் சின்ன ஓட்டைகள் உண்டு. எங்கள் கதவுகளுக்குள் உதிர்ந்த வேப்பிலை மக்கி, கறுப்புச் சேறாகி அந்த ஓட்டைகளை அடைத்திருந்தது. கரண்டியால் சுரண்டித்தான் எடுத்தேன். ஆக, துரு உள்ளிருந்துதான் வெளியே வருகிறது. வெளியே பெயிண்ட் கொப்புளம் தெரிகிற இடத்தில் ஸ்க்ரூ டிரைவரால் குத்திப் பாருங்கள். பெரும்பாலும் உள்ளே போய்விடும்.

அந்தப் பொத்தலில் ஃபைபர் துணி ஒட்டி, மேலே பட்டி பார்த்து, பளபளவென்று கொடுக்கச் சிலர் தயாராக இருப்பார்கள். செலவு குறைவுதான். ஆனால் பட்டி ஈரத்தை இழுக்கும், அதன் பின்னால் துரு பாட்டுக்கு வேலை செய்யும், அடுத்த மழைக்கே கொப்புளம் கிளம்பும். கெட்ட தகட்டை நல்ல தகடு வரும்வரை வெட்டி எறியுங்கள். அட்டையில் அளவெடுத்து, 20 கேஜ் கனமுள்ள தகட்டில் துண்டு வெட்டிக்கொண்டு, கதவோடு வெல்டிங் பட்டறைக்குப் போங்கள். மிக் வெல்டிங்கில் ஒரு புள்ளி இங்கே, ஒரு புள்ளி தள்ளி அங்கே என்று சூடு ஆற ஆற வைக்கச் சொல்லுங்கள். ஒரே மூச்சில் இழுத்தால் தகடு நெளிந்துவிடும், அப்புறம் அதைத் தட்டி எடுப்பது பெரிய பாடு.

உள்பக்கம் மிச்சமிருக்கும் துருவுக்கு ரஸ்ட் கன்வெர்ட்டர் (துருவைக் கெட்டியான பூச்சாக மாற்றும் திரவம்), அதன்மேல் பிரைமர். வெளித்தகடு மடங்கி உள்சட்டத்தைக் கவ்வும் விளிம்பில் சீலர். அந்த உற்சாகத்தில் தண்ணீர் ஓட்டைகளையும் சேர்த்துப் பூசிவிடாதீர்கள்!

பெயிண்டுக்கு முன்னால் கதவுகளை ஒருமுறை மாட்டிப் பாருங்கள். பின்கதவு முதலில், அதற்கு ஒப்ப முன்கதவு. அந்த நேரத்தில் பில்லரில் உள்ள பூட்டுக் கொக்கியைக் கழற்றி வைத்துவிடுங்கள். இல்லாவிட்டால் அது கதவைத் தூக்கிப்பிடித்து நம்மை ஏமாற்றும்.

பெயிண்டை வீட்டில் அடிக்க வேண்டாம் என்பேன். ஹார்டனர் கலந்து அடிக்கும் 2கே பெயிண்டில் உள்ள ஐசோசயனேட் என்ற ரசாயனம் நுரையீரலுக்குக் கெடுதல், சாதாரண முகக்கவசம் அதற்குப் போதாது. என்.சி. (நைட்ரோசெல்லுலோஸ்) பெயிண்ட் என்றால் மழைக்காலத்தில் வெள்ளையாகப் பூத்துவிடும். பழைய பெயிண்டில் ஈயம் இருக்க வாய்ப்புண்டு, அதனால் உப்புத்தாளைத் தண்ணீர் தொட்டே தேயுங்கள். குழந்தைகள் பக்கத்தில் வர வேண்டாம்.

பெயிண்ட் காய்ந்த பிறகு உள்ளே மெழுகு ஸ்ப்ரே, அப்புறம் கண்ணாடி ஏறி இறங்கும் தடத்துக்குப் புது ஃபெல்ட், ஓரத்துக்கு ரப்பர் பீடிங். சென்னைக்காரர் என்றால் இதற்கெல்லாம் ஜி.பி. ரோடு, பழைய கைப்பிடி, பூட்டு வேண்டுமென்றால் புதுப்பேட்டை. ஃபெல்ட்டில் கிரீஸ் வைத்தால் தூசியெல்லாம் ஒட்டும், சிலிக்கான் ஸ்ப்ரே போதும். கதவின் உள்பக்க ரெக்ஸின் அட்டையை மாட்டும் முன் அதன் பின்னால் ஒரு பிளாஸ்டிக் ஷீட் ஒட்டுங்கள். பழைய ஷீட் கிழிந்துபோனதால்தான் உங்கள் அட்டை இப்போது ஊறி உப்பியிருக்கும்.