டாலியையும் சிஆர்எம்மையும் இணைக்க மூன்று கொட்டேஷன்: எதை எடுப்பது?

கேள்வி: கோவை கணபதியில் போர்வெல் சப்மெர்சிபிள் பம்ப் தயாரிக்கும் பிரைவேட் லிமிடெட் நிறுவனம் எங்களுடையது. ஆண்டு விற்பனை சுமார் 18 கோடி ரூபாய். கணக்கும் சரக்கு இருப்பும் டாலி பிரைம் என்ற கணக்கு மென்பொருளில் இருக்கின்றன. விற்பனைப் பிரதிநிதிகள் 11 பேர் செல்போனில் சிஆர்எம் (வாடிக்கையாளர், ஆர்டர் விவரங்களைப் பதியும் மென்பொருள்) வைத்திருக்கிறார்கள். ஆர்டரை அதில் போட்டுவிட்டு, அதையே வாட்ஸ்அப்பிலும் அலுவலகத்துக்கு அனுப்புகிறார்கள். இங்கே மறுபடியும் டாலியில் ஏற்றுகிறோம். டீலரின் பாக்கி எவ்வளவு, சரக்கு இருக்கிறதா என்று நாள் முழுக்கப் போன் வேறு. இணைப்புக்கு மூன்று கொட்டேஷன் வாங்கியிருக்கிறோம். ஒருவர் ரெடிமேட் கனெக்டர் (இரண்டு மென்பொருளையும் இணைக்கும் நிரல்) போட்டு எல்லாத் தகவலையும் இருபக்கமும் தானாக மாற்றித் தருகிறேன் என்கிறார். இன்னொருவர் மாதச் சந்தாவில் ஓடும் இடைநிலை கிளவுட் சேவையைச் சொல்கிறார். மூன்றாமவர் இரண்டையும் விட்டுவிட்டு கணக்கு, சரக்கு, உற்பத்தி, விற்பனை எல்லாவற்றையும் ஒன்றாகப் பார்க்கும் ஒரே ஈஆர்பி மென்பொருளுக்கு மாறச் சொல்கிறார். எது சரி?

பதில்: கனெக்டரை எடுங்கள். ஆனால் அந்தக் கொட்டேஷனில் உள்ள 'இருபக்கமும் தானாக மாறும்' என்ற வரியை அடித்துவிட்டுப் பேச ஆரம்பியுங்கள். கேட்க அருமையாக இருக்கும் இந்த வசதிதான், பிறகு யாராலும் அவிழ்க்க முடியாத குழப்பத்துக்குக் காரணமாகிறது. டீலரின் முகவரியைப் பிரதிநிதி சிஆர்எம்மில் மாற்றுகிறார். அதே நாளில் கணக்காளர் டாலியில் வேறு மாதிரி மாற்றுகிறார். கடைசியாகச் சேமித்தவர் வெல்வார். அவர் சரியானவராக இருக்க வேண்டிய அவசியம் எதுவும் இல்லை.

எனவே மென்பொருளைப் பற்றிப் பேசுவதற்கு முன் ஒரு தாளை எடுத்து, எந்தத் தகவல் யாருடைய பொறுப்பு என்று எழுதுங்கள். டீலரின் சட்டப்படியான பெயர், ஜிஎஸ்டி எண், கிரெடிட் லிமிட், விலைப்பட்டியல், இருப்பு, பாக்கி ஆகியவை டாலிக்குச் சொந்தம். சிஆர்எம்மில் இவற்றைப் பார்க்கலாம், திருத்த முடியாது. விசாரணைகள், சந்திப்புக் குறிப்புகள், கொட்டேஷன்கள், கடையில் யாரிடம் பேச வேண்டும் என்ற விவரம் ஆகியவை சிஆர்எம்முக்குச் சொந்தம்; இவை டாலிக்குப் போகவே வேண்டாம். ஆர்டர் மட்டும் சிஆர்எம்மில் பிறந்து, ஒப்புதல் கிடைத்ததும் டாலிக்குக் கைமாறுகிறது. கைமாறிய பிறகு சிஆர்எம்மில் அதைத் தொட முடியாதபடி பூட்டிவிட வேண்டும்.

உங்கள் கடிதத்தில் உள்ள தொல்லைகள் மூன்றே மூன்று: ஆர்டரை இரண்டு முறை பதிவு செய்வது, பாக்கி, இருப்பு. அவற்றுக்கு மூன்று குழாய்கள், அதாவது தகவல் போகும் வழிகள், போதும். நான்காவதாக ஒன்றை நானே சேர்ப்பேன்: பில் போட்டதும் பம்ப், மோட்டார் இரண்டின் சீரியல் எண்களும் சிஆர்எம்முக்குத் திரும்பிவர வேண்டும். வாரண்டியில் புகார் வரும்போது அதன் அருமை தெரியும்.

ஆர்டர் டாலிக்குள் 'சேல்ஸ் ஆர்டர்' வவுச்சராக (இன்னும் பில் ஆகாத ஆர்டர் பதிவாக) மட்டுமே இறங்க வேண்டும். பில்லாக இறங்கவே கூடாது. ஆண்டு விற்பனை 5 கோடியைத் தாண்டிய நிறுவனங்களுக்கு 2023 ஆகஸ்ட் 1 முதல் இ-இன்வாய்ஸ் (பில்லை அரசின் தளத்தில் பதிவு செய்வது) கட்டாயம். பில்லைப் பதிவு செய்து, அந்தத் தளம் தரும் ஐஆர்என் எண்ணை வாங்கிவிட்டால் 24 மணி நேரத்துக்குள்தான் அதை ரத்து செய்ய முடியும். அதற்குப் பிறகு கிரெடிட் நோட்டுதான் வழி. 10 கோடிக்கு மேல் இருப்பதால், பில் தேதியிலிருந்து 30 நாளுக்குள் பதிவு செய்தாக வேண்டும் என்ற 2025 ஏப்ரல் 1 விதியும் உங்களைக் கட்டுப்படுத்தும். ஒட்டன்சத்திரத்தில் சிக்னல் கிடைக்காமல் ஒருவர் பொத்தானை இரண்டு முறை அழுத்தினால், அது அரசின் பதிவேடு வரை போய் நிற்கக் கூடாது. பில்லை மனிதர்தான் போட வேண்டும்.

நீங்கள் பிரைவேட் லிமிடெட் என்பதால் இன்னொரு விதியும் உண்டு. 2023 ஏப்ரல் 1 முதல் கம்பெனிகளின் கணக்கு மென்பொருள் ஒவ்வொரு திருத்தத்தையும் பதிவு செய்ய வேண்டும்; அந்தப் பதிவை அணைத்து வைக்க முடியாது. கனெக்டர் தவறாக 40 வவுச்சர்களைக் கொட்டினால், அவற்றை அழித்த கதையும் சேர்ந்தே நிற்கும், ஆடிட்டர் கேட்பார். ஆகவே கனெக்டர் ஓடும் கணினியில் டாலியைத் தனிப் பயனர் பெயரில் திறந்து வையுங்கள். எது ஆள் போட்டது, எது இயந்திரம் போட்டது என்று பிரித்துப் பார்க்கலாம். உங்களிடம் இருப்பது ஒற்றைக் கணினிக்கான சில்வர் உரிமம் என்றால், இதற்காகவே கோல்டுக்கு மாற வேண்டியிருக்கும். அந்தச் செலவு எந்தக் கொட்டேஷனிலும் இருக்காது.

இனி, இந்த வேலையில் உண்மையிலேயே கஷ்டமான பகுதி. டாலி ஒரு லெட்ஜரை (டீலரின் கணக்குப் பக்கத்தை) அதன் பெயரைக் கொண்டே அடையாளம் காண்கிறது. சிஆர்எம்மில் 'ஸ்ரீ முருகன் ஏஜென்சீஸ்' என்றும், டாலியில் 'ஸ்ரீ முருகன் ஏஜென்சி, பழனி' என்றும் இருந்தால் டாலிக்கு அவர்கள் இரண்டு பேர். கனெக்டரில் 'இல்லாத லெட்ஜரை உருவாக்கு' என்ற வசதி திறந்திருந்தால், புதிதாக ஒரு லெட்ஜர் முளைக்கும். புதிய லெட்ஜரில் பாக்கி பூஜ்யம். பழைய லெட்ஜரில் 6 லட்சம் நிலுவை வைத்திருக்கும் அதே டீலர், பிரதிநிதியின் செல்போனில் கடனே இல்லாதவராகத் தெரிவார், பிரதிநிதியும் ஆர்டர் எடுத்துவிடுவார். ஜிஎஸ்டி எண்ணைக் கொண்டு பொருத்தலாமே என்பார்கள். ஒரே மாநிலத்தில் இரண்டு ஊர்களில் கடை வைத்திருப்பவருக்கு ஒரே ஜிஎஸ்டி எண் இருக்கலாம். நேரடியாக வாங்கும் விவசாயிக்கு அந்த எண்ணே இருக்காது. எனவே ஒவ்வொரு டீலருக்கும் உங்கள் சொந்தக் குறியீடு ஒன்றைக் கொடுத்து, டாலியில் அதை மாற்றுப் பெயராகவும், சிஆர்எம்மில் தனிப் புலமாகவும் போடுங்கள். குறியீடு பொருந்தாவிட்டால் ஆர்டர் நிற்க வேண்டும். பிழைப் பட்டியலுக்குப் போக வேண்டும். தானாக எதையும் உருவாக்கக் கூடாது.

சரக்கிலும் இதே தலைவலி. பிரதிநிதி '5 ஹெச்.பி. செட் ஒன்று' என்று ஆர்டர் எழுதுவார். உங்கள் டாலியில் மோட்டார் ஓர் அயிட்டம், பம்ப் இன்னோர் அயிட்டமாக இருக்கலாம். ஒரே மோட்டாருக்குப் பல ஸ்டேஜ்களில் பம்ப் உண்டு. குடோனில் மோட்டார் 9, அதற்கேற்ற பம்ப் 4 என்றால், சிஆர்எம் 4 செட் என்று காட்ட வேண்டும். அதில் 3 ஏற்கெனவே ஆர்டரில் போயிருந்தால் 1 என்று காட்ட வேண்டும். இந்தக் கணக்கைக் கனெக்டர்காரர் தாமாகச் செய்ய மாட்டார். நீங்கள் எழுதிக் கொடுக்க வேண்டும். டீலர்களை முகம் பார்த்துச் சொல்லக்கூடிய உங்கள் மூத்த கணக்காளரை இந்தச் சுத்திகரிப்புக்கு உட்கார வையுங்கள். கணினி படித்த புதுப் பையனிடம் கொடுத்தால் வேலை வேகமாக முடியும், தப்பாக முடியும்.

பாக்கியை மொத்தத் தொகையாகக் காட்டாமல், பில் வாரியாக எத்தனை நாள் ஆனது என்று காட்டச் சொல்லுங்கள். கூடவே 'இன்று காலை 10 மணி நிலவரம்' என்று நேரமும் தெரிய வேண்டும். வசூலான செக்கை உங்கள் அலுவலகம் மாலையில்தான் பதிவு செய்கிறது என்றால், காலையில் பணம் கட்டிய டீலரிடம் மதியம் போய்ப் பாக்கி கேட்பது மரியாதையாக இருக்காது. பாக்கி ஒரு நாளைக்கு இரண்டு முறையும், இருப்பு மணிக்கு ஒரு முறையும் புதுப்பித்தால் போதும்.

இடைநிலைச் சேவையை நான் ஏன் தள்ளுகிறேன் என்றால், அதன் கட்டணம் பெரும்பாலும் எத்தனை முறை தகவல் நகர்கிறது என்பதைப் பொறுத்தது. 600 அயிட்டங்களின் இருப்பை 15 நிமிடத்துக்கு ஒரு முறை, 10 மணி நேரம் அனுப்பினால் ஒரு நாளைக்கு 24,000 நகர்வுகள். மாறிய அயிட்டங்களை மட்டும் அனுப்பலாம். டாலியில் ஒவ்வொரு திருத்தத்துக்கும் 'ஆல்டர் ஐடி' எண் கூடுவதால் அதைப் பிடித்துக்கொண்டு மாற்றங்களை மட்டும் எடுக்க முடியும். ஆனால் அதற்கும் உங்கள் அலுவலகக் கணினியில் ஒரு சிறு நிரல் ஓடித்தான் ஆக வேண்டும். அலுவலகத்துக்குள் இருக்கும் டாலியைக் கிளவுட் சேவை தானாக எட்டிப் பார்க்காது. இரண்டு முனைகளும் கிளவுடில் இருக்கும் இடத்தில், உதாரணமாக இந்தியாமார்ட் விசாரணைகளைச் சிஆர்எம்முக்குக் கொண்டுவர, அந்தச் சேவை நன்றாகவே உதவும். அதற்கு மட்டும் வேண்டுமானால் வாங்குங்கள்.

ஈஆர்பி மோசமான யோசனை அல்ல. உங்கள் கேள்விக்கு அது விடை இல்லை, அவ்வளவுதான். ஃபவுண்டரியிலிருந்து காஸ்டிங் எப்போது வரும், ஜாப் ஒர்க்குக்குப் போன ரோட்டார் எங்கே, எந்த மாடலை இந்த வாரம் ஓட்டுவது என்பவை உங்களைத் தூங்க விடாமல் செய்தால் ஈஆர்பியை யோசிக்கலாம். விற்பனைப் பிரிவின் போன் தொல்லைக்காகக் கணக்குப் பிரிவையே பிடுங்கி நட வேண்டாம்.

கனெக்டர்காரரிடம் அதை நேரில் ஓட்டிக் காட்டச் சொல்லும்போது அவருடைய பவர்பாயிண்டைப் பார்க்காதீர்கள். ஆர்டர் போய்க்கொண்டிருக்கும்போதே நெட்வொர்க் கேபிளைப் பிடுங்குங்கள். டாலியோடு வெளி நிரல்கள் பேசுவது பெரும்பாலும் 9000 என்ற போர்ட் வழியாக எக்ஸ்எம்எல் வடிவத்தில். கணினி அணைந்திருந்தாலோ, கம்பெனி திறக்கப்படாமல் இருந்தாலோ பேச்சு நின்றுவிடும். கேபிளைத் திரும்பச் செருகியதும், காத்திருந்த ஆர்டர் தானாகப் போக வேண்டும். ஒரே ஒரு முறை போக வேண்டும். டாலி ஆர்டரைச் சேமித்துவிட்ட பிறகு, 'சேமித்தேன்' என்ற பதில் மட்டும் வழியில் தொலைவது உண்டு. அப்போது கனெக்டர் மறுபடி அனுப்பும். சிஆர்எம் ஆர்டர் எண்ணை டாலி வவுச்சரின் ரெஃபரன்ஸ் புலத்தில் போட்டு, அது ஏற்கெனவே இருக்கிறதா என்று பார்த்த பின் எழுதுகிறதா என்று கேளுங்கள். கேட்டதும் அவர் முகம் மாறினால் வேறு ஆளைப் பாருங்கள். அடுத்து, டாலியில் ஒரு டீலரின் பெயரை மாற்றிவிட்டு, அவருக்கு ஆர்டர் அனுப்பிப் பார்க்கச் சொல்லுங்கள்.

தொடங்கும் மாதமும் முக்கியம். மார்ச் கணக்கு முடிவிலும், கோடையில் பம்ப் விற்பனை உச்சத்தில் இருக்கும்போதும் கை வைக்காதீர்கள். மழை பிடித்து ஆர்டர் குறையும் ஐப்பசி, கார்த்திகை தோதானவை. முதலில் பாக்கியையும் இருப்பையும் மட்டும் சிஆர்எம்மில் காட்டுங்கள். டாலிக்குள் எதையும் எழுதாததால் இதில் ஆபத்து குறைவு. எண்களைப் பிரதிநிதிகள் நம்ப ஆரம்பித்த பிறகு, இரண்டு பேருக்கு மட்டும் ஆர்டர் குழாயைத் திறங்கள்.

பிழைப் பட்டியலைத் தினமும் காலையில் யார் பார்ப்பது என்பதற்குப் பெயர் சொல்லி ஒருவரை நியமியுங்கள். கடைசியாக ஒப்பந்தம்: ஏபிஐ சாவிகளும் (மென்பொருள்கள் ஒன்றோடொன்று பேசப் பயன்படும் ரகசியக் குறியீடுகள்) சேவைக் கணக்குகளும் உங்கள் நிறுவன மின்னஞ்சலில் இருக்க வேண்டும், கனெக்டர்காரரின் தனிப்பட்ட மின்னஞ்சலில் அல்ல. டாலி புதிய வெளியீடு வரும்போது சரிசெய்வது ஆண்டுப் பராமரிப்பில் சேருமா என்பதை எழுத்தில் வாங்குங்கள். பணத்தில் மூன்றில் ஒரு பங்கையாவது, ஒரு முழு மாதத்தின் ஆர்டர்கள் இரு பக்கமும் ஒத்துப்போன பிறகு கொடுங்கள்.