மீட்டரில் அணையாத ஏபிஎஸ் விளக்கு

கேள்வி: என் பைக்குக்குப் பதினைந்து வயது. சாவி போட்டதும் எரிகிற ஏபிஎஸ் (பிரேக் போடும்போது சக்கரம் லாக் ஆகாமல் தடுக்கும் அமைப்பு) விளக்கு, வண்டி நகர்ந்ததும் அணைந்துவிடும். இப்போது சில நாள் அணைவதே இல்லை. சில நாள் அணைந்து, பத்து நிமிடம் கழித்துத் திரும்ப எரிகிறது. பிரேக் அழுத்தத்தைக் கூட்டிக் குறைக்கும் மாடுலேட்டரை மாற்றச் சொல்கிறார் மெக்கானிக். மாற்றத்தான் வேண்டுமா?

பதில்: அவசரப்படாதீர்கள். வந்து போகிற கோளாறு என்றால் முதல் சந்தேகம் பேட்டரி, வயர், சக்கர வேகத்தை அறியும் வீல் சென்சார் மேல்தான் விழ வேண்டும். வண்டியிலேயே விலை கூடிய பாகங்களில் ஒன்று மாடுலேட்டர். மற்ற எல்லாவற்றையும் பார்த்து முடித்த பிறகே அதன் முறை.

விளக்கு எந்த நேரத்தில் எரிகிறது என்று ஒரு வாரம் குறித்து வையுங்கள். பாதி விடை அதிலேயே கிடைத்துவிடும். ஸ்டார்ட் செய்ததிலிருந்து அணையாமலேயே எரிந்தால் முதலில் பேட்டரி. நகர்ந்து சில மீட்டர் போனதும் எரிந்தால், ஒரு சக்கரத்திலிருந்து சிக்னல் வரவில்லை, அல்லது பம்ப் மோட்டார் சோதனையில் தேறவில்லை. மேடு பள்ளத்திலோ ஹேண்டில்பாரைத் திருப்பும்போதோ எரிந்தால் வயர், கப்ளர் (வயர் இணைப்பு), வீல் பேரிங்.

பேட்டரியில் தொடங்குங்கள். முழு சார்ஜில், வண்டி ஓய்வில் இருக்கும்போது 12.6 வோல்ட் அளவில் இருக்க வேண்டும். ஸ்டார்ட்டர் சுற்றும்போது 10 வோல்ட்டுக்குக் கீழே விழுந்தால் பல பழைய யூனிட்டுகள் அதையே கோளாறாக எடுத்துக்கொண்டு ஏபிஎஸ்ஸை நிறுத்திவிடும். இஞ்சின் நன்றாகச் சூடான பிறகு அணைத்து, திரும்ப ஸ்டார்ட் செய்து பாருங்கள். ஸ்டார்ட்டருக்குச் சுமை குறைந்த அந்த நேரத்தில் மட்டும் விளக்கு ஒழுங்காக அணைந்தால், ஆள் பிடிபட்டான். ஏபிஎஸ் யூனிட்டின் எர்த் போல்ட்டையும் கழற்றிச் சுரண்டி இறுக்குங்கள்.

அடுத்து கோட், அதாவது கோளாறைச் சொல்லும் எண். பல பழைய மாடல்களில் சீட்டுக்கு அடியில் இருக்கும் சர்வீஸ் கப்ளரின் இரண்டு முனைகளை இணைத்துச் சாவி போட்டால், விளக்கே கண்சிமிட்டிக் கோட் சொல்லும். பெரும்பாலும் நீளச் சிமிட்டல் பத்து, குட்டைச் சிமிட்டல் ஒன்று. எந்த முனைகள் என்பதை உங்கள் மாடலின் சர்வீஸ் புத்தகத்தில் பார்த்துவிட்டே தொடுங்கள். ‘முன் சென்சார்’ என்று கோட் வந்தால் சென்சார் செத்துவிட்டது என்று பொருள் அல்ல. அந்தப் பக்கத்திலிருந்து சிக்னல் சரியில்லை என்பதுதான் அதன் பொருள்.

சென்சாரைக் கழற்றி அதன் முனையைப் பாருங்கள். உள்ளே காந்தம் இருப்பதால் இரும்புத்தூள் மீசை முளைத்த மாதிரி ஒட்டியிருக்கும். துணியால் துடைத்தாலே பல கோளாறுகள் தீரும். மாட்டும் இடத்தில் துரு அல்லது அலுமினிய உப்பு பூத்திருந்தால் அதையும் சுரண்டுங்கள். அது சென்சாரைத் தூக்கி, சக்கரத்தோடு சுற்றும் பல் வளையத்திலிருந்து விலக்கிவிடும். இடைவெளி பெரும்பாலான வண்டிகளில் 0.3 முதல் 1.5 மில்லிமீட்டருக்குள் வரும். சரியான எண் மாடலுக்கு மாடல் மாறும். அளக்கப் பித்தளை அல்லது பிளாஸ்டிக் ஃபீலர் கேஜ் எடுங்கள். எஃகுத் தகடு காந்தத்தில் ஒட்டிக்கொண்டு ஏமாற்றும்.

இரண்டு வயர் கொண்ட பழைய காயில் சென்சார் என்றால், கப்ளரைப் பிரித்து ஓம் அளவு பாருங்கள். பல மாடல்களில் சில நூறு முதல் இரண்டாயிரம் ஓம் வரை இருக்கும். முன், பின் இரண்டையும் அளந்து ஒப்பிட்டால் தெளிவாகும். பிறகு மீட்டரை ஏசி வோல்ட்டில் வைத்துச் சக்கரத்தைக் கையால் சுற்றுங்கள். வேகம் கூடக் கூட அளவும் கூட வேண்டும். மின்சாரம் கொடுத்தால்தான் வேலை செய்யும் ஹால் வகை சென்சாருக்கு இந்த ஓம் சோதனை வேண்டாம், கெட்டுப் போகலாம். அங்கே சாவி போட்டு, சப்ளை வோல்ட்டேஜ் கப்ளர் வரை வருகிறதா என்று மட்டும் பாருங்கள்.

வயர்தான் மிகவும் ஏய்க்கும். முன் சென்சாரின் வயர் ஃபோர்க்கோடு ஏறி இறங்குகிறது, ஹேண்டில்பாரோடு திரும்புகிறது. மேலே உறை பளபளப்பாக இருக்கும், உள்ளே தாமிரம் அறுந்திருக்கும். சந்தேக இடத்தை இரண்டு கையாலும் மெல்ல இழுங்கள். ரப்பர் மாதிரி நீண்டால் அங்கேதான் அறுந்திருக்கிறது. காயில் சென்சாரில் ஓம் மீட்டர் இணைத்தபடியே ஹேண்டிலை இரு கோடிக்கும் திருப்பி, வயரை அசைத்தும் பாருங்கள். எண் தாவினால் மாடுலேட்டர் தப்பித்தது.

கேள்வி: சென்டர் ஸ்டாண்டில் போட்டுக் கியரில் ஓட்டிச் செயின் சுத்தம் செய்தேன். உடனே விளக்கு எரிந்தது. எதைக் கெடுத்தேன்?

பதில்: எதையும் கெடுக்கவில்லை. பின் சக்கரம் சுற்றுகிறது, முன் சக்கரம் நிற்கிறது; யூனிட் குழம்பிவிட்டது. சாவியை அணைத்துப் போட்டுக் கொஞ்ச தூரம் ஓட்டினால் பெரும்பாலும் அணைந்துவிடும். செயினைக் கையால் சுற்றித் துடையுங்கள். விரலுக்கும் அதுதான் நல்லது.

கேள்வி: விளக்கு எரிவதில்லை. ஆனால் காய்ந்த சாலையில் மெதுவாக நிறுத்தும்போது, கடைசி ஓரிரு மீட்டரில் லீவர் துடித்து வண்டி வழுக்கிப் போகிறது.

பதில்: இது விளக்கு எரிவதைவிட மோசம், ஏனென்றால் ஏபிஎஸ் தன்னைச் சரி என்றே நம்பிக்கொண்டிருக்கிறது. மெதுவான வேகத்தில் காயில் சென்சாரின் சிக்னல் இயல்பாகவே மெலியும். இடைவெளி கூடியிருந்தாலோ, வளையத்தின் ஒரு பல் வளைந்தோ துருப்பிடித்தோ இருந்தாலோ, நடுவில் சிக்னல் விட்டுப்போகும். சக்கரம் லாக் ஆகிவிட்டது என்று எண்ணி யூனிட் பிரேக் அழுத்தத்தைக் குறைக்கிறது. வளையத்தை ஒரு முழுச் சுற்று சுற்றி, எட்டு இடங்களில் இடைவெளியை அளந்து எழுதுங்கள். ஓரிடத்தில் மட்டும் மாறினால் வளையம் கோணல் அல்லது விரிசல். ஒவ்வொரு முறையும் எண் வேறாக வந்தால் சக்கரத்தைப் பக்கவாட்டில் ஆட்டுங்கள். பேரிங்கில் ஆட்டம் தெரியும். சரிசெய்யும் வரை அந்த வண்டியை எடுக்காதீர்கள்.

கேள்வி: இரண்டு வருடம் நிறுத்தி வைத்த வண்டி. ஏபிஎஸ் மோட்டார் ஃப்யூஸ் போட்டவுடன் போய்விடுகிறது. பெரிய ஃப்யூஸ் போடலாமா?

பதில்: கூடாது, வயர் எரியும். பிரேக் ஆயில் ஈரத்தை உறிஞ்சும்; அந்த ஈரம் பம்பையும் வால்வுகளையும் அரித்து இறுக்கிவிடும். மோட்டாருக்குத் தனிக் கப்ளர் உள்ள மாடல் என்றால், ஃப்யூஸ் வைத்த வயர் மூலம் 12 வோல்ட்டை ஓரிரு விநாடி மட்டும் கொடுத்துப் பாருங்கள். சுற்றினால் தவறு ரிலேயிலோ வயரிலோ இருக்கிறது. அசையவில்லை என்றால், உங்கள் கேள்விக்கு மட்டும், பதில் மாடுலேட்டர்தான். சுற்றுகிற பம்ப் என்றால் ரிசர்வாயர் மூடியில் எழுதியிருக்கும் தரத்திலேயே புது ஆயில் ஊற்றி ப்ளீட் செய்யுங்கள், அதாவது குழாயில் இருக்கும் பழைய ஆயிலையும் காற்றையும் வெளியேற்றுங்கள். மூடியில் டாட் 4 என்றிருந்தால் டாட் 5 ஊற்றிவிடாதீர்கள். அது சிலிக்கோன், கலக்காது. மாடுலேட்டருக்குள் பழைய ஆயில் தங்கும் என்பதால், காலியான இடத்தில் நாலைந்து முறை ஏபிஎஸ் வேலை செய்யும்படி பிரேக் போட்டுவிட்டு, இன்னொரு முறை ப்ளீட் செய்யுங்கள். அதன் பிறகு இரண்டு வருடத்துக்கு ஒரு தடவை ஆயில் மாற்றினால் போதும்.